முதல் லோ விங் டெயில்டிராகர்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானங்களில், ஹை விங் ட்ரெய்னரை (இறக்கை உடலின் மேல்பக்கம் இருக்கும் பழகு விமானத்தை) நினைத்த இடத்தில் இறக்கப் பழகியதும் அடுத்தது லோ விங் டெயில்டிராகர்: இறக்கை உடலின் கீழ்ப்பக்கமும், மூக்குச் சக்கரத்துக்குப் பதில் வாலில் ஒரு சிறு சக்கரமும் உள்ள மாடல். அதில் பலருக்கு முதல் ஆசை ஸ்பிட்ஃபயர் என்ற பழைய போர் விமானத்தின் மாடல். இப்போதைக்கு அது வேண்டாம். அதன் இரு முன் சக்கரங்களும் நெருங்கி நிற்பதால் தரையில் ஓடும்போதே சாயும். வேகம் குறைத்து இறக்கும்போது, குறுகிப்போகும் இறக்கை நுனி முதலில் தூக்குவிசையை இழந்தால் விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு விழும். தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் அது நடந்தால் காப்பாற்ற நேரமே இருக்காது.

அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலமாக, தடிப்பாக இருக்கும் இறக்கையைத் தேடுங்கள். எதிரில் நின்று பார்த்தால் இரு பக்கமும் லேசாக மேல்நோக்கி எழுந்திருக்க வேண்டும். சிக் நிறுவனத்தின் ஃபோர் ஸ்டார் 40 இந்த வகைக்கு நல்ல உதாரணம்.

அடுத்தது எடைக் கணக்கு. 140 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம் உள்ள இறக்கையின் பரப்பு 30.8 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு 1,600 கிராம் என்றால், சதுர டெசிமீட்டருக்கு 52 கிராம். 60-ஐத் தாண்டும் மாடலை முதல் முறைக்கு ஒதுக்கிவிடுங்கள். இந்த எடைக்கு 350 வாட் மோட்டார் தாராளம். 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் அது ஏறக்குறைய 32 ஆம்பியர் இழுக்கும், ஆகவே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. 45 ஆம்பியர் உள்ளதாகப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சக்கரம் நிற்கும் இடம். கடையிலேயே வாலைத் தூக்கி, விமானத்தைப் பறக்கும் நிலையில் பிடியுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது சக்கர அச்சின் மேலோ மிக அருகிலோ வர வேண்டும். அச்சு பின்னால் தள்ளி இருந்தால் மூக்குக் குத்தி ப்ரொப்பல்லர் உடையும். ரொம்ப முன்னால் இருந்தால், சக்கரத்துக்குப் பின்னே இருக்கும் எடை வாலை முன்னால் தள்ளப் பார்க்கும். ஓடும்போதே வட்டமடித்துவிடும், இறங்கும்போது துள்ளும். சக்கரங்களுக்கு இடையே இறக்கை நீளத்தில் கால் பங்காவது தூரம் தேவை. இரண்டும் 1 டிகிரி அளவுக்கு உள்நோக்கித் திரும்பியிருந்தால் நேராக ஓடும், வெளிநோக்கி இருக்கவே கூடாது. வால் சக்கரம் ரட்டரோடு (இடவலம் திருப்பும் வால் பலகையோடு) நேராகப் பூட்டாமல் ஸ்பிரிங் வழியாக இணைந்திருந்தால் கல் தட்டும்போது, ரட்டரை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பல் உடையாது.

சென்னையில் மாதவரம், செங்குன்றம் பக்கத்துப் பொட்டல்களில் மண்ணும் காய்ந்த புல்லும்தான் ஓடுபாதை. அங்கே மூக்குச் சக்கரக் கம்பி சீக்கிரம் வளையும், டெயில்டிராகருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 50 மி.மீ. சக்கரம் புல்லில் சிக்கும், 70 மி.மீ. போடுங்கள். எண்ணூர், மணலி பக்கம் துறைமுகமும் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் அந்த இடம், அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலமா என்று பார்த்த பிறகே மைதானம் தேடுங்கள். காத்தாடி விடும் மைதானமும் ஆகாது. நூல் ப்ரொப்பல்லரில் சுற்றினால் மோட்டார் நின்று ஈ.எஸ்.சி. கருகலாம், இறக்கையில் மாட்டினால் விமானம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

வெயில் காலத்தில் பகல் ஏறியதும் கடற்காற்று கிளம்பிவிடும். பக்கக் காற்றில் டெயில்டிராகர் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பும் என்பதால் முதல் சில நாட்கள் காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தரையில் மெதுவாக ஓட்டும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) முழுக்க மேலே இழுத்து வையுங்கள். புறப்படும்போது த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) மூன்று நொடிக்கு நீட்டி ஏற்றுங்கள். சட்டென்று ஏற்றினால் இடப்பக்கம் இழுக்கும், அதற்கு வலது ரட்டர் தயாராக இருக்கட்டும். வால் தானாக எழுந்து வேகம் சேரும்வரை எலிவேட்டரை இழுத்து மேலே எழுப்பாதீர்கள்.

வீடு திரும்பியதும் சக்கரக் கம்பியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். கடலோர உப்புக் காற்றுக்கு அது சீக்கிரமே துரு ஏறிவிடும்.