காகக் கூட்டில் கை வைக்காதீர்கள்: குயில் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

இறகு முளைக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. கூட்டின் சுவரில் கால்களை ஊன்றிக்கொண்டு அந்தக் குஞ்சு பின்பக்கமாக ஏறுகிறது. முதுகில் ஒரு முட்டை. விளிம்புக்கு வந்ததும் ஓர் உந்து, முட்டை வெளியே போய் விழுகிறது. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு அடுத்த முட்டைக்குத் திரும்புகிறது. இந்தக் காணொளி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். "பாட்டுப் பாடுற குயிலா இப்படி!" என்று யாராவது அதிர்ச்சியோடு அனுப்பியிருப்பார்கள். நானும் பல வருடம் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அதில் வருவது காகக் கூட்டில் முட்டையிடும் கருங்குயில் அல்ல. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் இனப்பெருக்கம் செய்கிற, 'குக்கூ' என்று கூவுகிற சாம்பல் நிறக் குயில். குயில்களைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு குயிலைப் பார்த்துவிட்டு எல்லாக் குயிலுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

குயில் குடும்பத்தில் ஏறத்தாழ 150 இனங்கள் உண்டு. அடுத்தவர் கூட்டில் முட்டையிடுபவை அவற்றில் 60 அளவில்தான். மற்றவை தாமே கூடு கட்டி, அடைகாத்து, இரை தேடி ஊட்டிக் குடும்பம் நடத்துகின்றன. புதருக்குள்ளிருந்து அடித்தொண்டையில் 'ஊப் ஊப்' என்று குரல் கொடுக்கும் செம்போத்தும் இதே குடும்பம்தான். அது தனக்கென்று உருண்டையாக ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் தரையில் ஓடிப் பாம்பு பிடிக்கும் ரோட்ரன்னருக்கும் சொந்தக் கூடு உண்டு. ஆகவே "குயில் சாதிக்கே கூடு கட்டத் தெரியாது" என்று சொல்வதற்கு முன் செம்போத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவல் கூட்டில் பிறக்கும் குயில்களிலும் எல்லாமே கொலைகாரக் குஞ்சுகள் அல்ல. காகக் கூட்டில் பொரியும் கருங்குயில் குஞ்சு பொதுவாகக் காக முட்டைகளைத் தள்ளுவதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. காக முட்டை பொரிய 16 நாளுக்கு மேல் ஆகும், குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். முதலில் பொரிந்து முதலில் வாய் திறப்பதே அதற்குப் பெரிய ஆதாயம். அதனால் சில காகக் குஞ்சுகள் பட்டினி கிடந்து சாவதும் உண்டு. ஆனால் காணொளியில் பார்க்கும் அந்தக் காட்சி அங்கே நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் இதன் நெருங்கிய உறவுக் குயில் காகத்தை நாடாமல் சற்றே சிறிய பறவைகளின் கூட்டை நாடுகிறது. அங்கே குஞ்சு தள்ளிவிடுகிறது. தவிட்டுக்குருவிகளின் கூட்டில் நீல முட்டையிடும் சுடலைக்குயிலின் குஞ்சோ தள்ளுவதில்லை. வளர்ப்புப் பெற்றோரின் உடல் அளவுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம். பெரிய முட்டையை ஆழமான கூட்டிலிருந்து தூக்கி எறிவது ஒரு பச்சைக் குஞ்சுக்கு லேசான காரியமா என்ன?

தள்ளும் குஞ்சைக் கொடூரன் என்று திட்டுவதிலும் பொருளில்லை. அது பிறந்து ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அதன் முதுகில், தோள்களுக்கு நடுவே, ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் எது உரசினாலும் உடம்பு தானாக உந்தித் தள்ளும். சுமார் 12 நாளில் பள்ளம் தூர்ந்துவிடும், பிறகு தள்ளும் வேகமும் இராது. இதை முதலில் விவரமாக எழுதியவர் எட்வர்டு ஜென்னர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற அதே மருத்துவர்தான். 1788இல் அவர் எழுதியது வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. தாய்க்குயிலே திரும்பி வந்து மற்றக் குஞ்சுகளை அப்புறப்படுத்துகிறது என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. கண் திறக்காத பிறவி இதைச் செய்யும் என்பது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் அவருக்கு இடம் கிடைக்கக் குயில்தான் காரணம் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

கூவுவது பெண் என்று எண்ணுவது இன்னொரு பழைய தவறு. கவிதைகளில் குயிலைப் பெண்ணாக்கிப் பழகிவிட்டோம். 'கூ...ஊ' என்று ஏறிக்கொண்டே போகும் குரல், பளபளக்கும் கருப்பு உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆணுடையது. பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் வரிகளும். அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்று படபடவென்று வரும். மரத்தில் இந்தப் புள்ளிப் பறவையைப் பார்த்துவிட்டு ஏதோ வேறு பறவை என்று கடந்துபோகிறவர்கள் ஏராளம். காகக் கூட்டுக்குப் பக்கத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

குயில் சோம்பேறி என்ற பழிக்கு வருவோம். இதைச் சொல்கிறவர்கள் குயில் முட்டையிடும் முறையைக் கொஞ்சமும் பார்த்ததில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

'குக்கூ' குயில் தரையில் முட்டையிட்டு, அதை அலகில் கவ்விக்கொண்டு போய்க் கூட்டில் வைக்கிறது என்று ஒருகாலத்தில் பலர் வாதாடினார்கள். இங்கிலாந்தில் எட்கர் சான்ஸ் என்ற முட்டை சேகரிப்பாளர் ஒரே பெண் குயிலைப் பல பருவங்கள் விடாமல் தொடர்ந்தார். நெட்டைக்காலி என்ற சிறு பறவைகளின் கூடுகளுக்கு அருகே மறைந்திருந்து படமும் எடுத்தார். குயில் நேராகக் கூட்டில் அமர்ந்தே முட்டையிடுகிறது என்பது உறுதியானது. 1922இல் அந்தக் குயில் ஒரே பருவத்தில் 25 முட்டைகள் இட்டது, ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டில்.

அதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் புதரில் யார் கூடு கட்டுகிறார்கள், எந்தக் கூட்டில் முட்டை விழத் தொடங்கியிருக்கிறது என்று மணிக்கணக்கில் அசையாமல் இருந்து வேவு பார்க்க வேண்டும். சீக்கிரம் போனால் சொந்தக்காரப் பறவைக்குச் சந்தேகம் வரும். தாமதித்தால் அடைகாப்பு முன்னேறியிருக்கும், குயில் குஞ்சு பின்தங்கிவிடும். சரியான நேரத்தில் இறங்கி, ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு, தன்னுடையதை இட்டுவிட்டுப் பறப்பதற்கு ஆகும் நேரம் சுமார் 10 விநாடி. இதற்குத் தோதாக உடலும் மாறியிருக்கிறது. முட்டையை மற்றப் பறவைகளைவிடக் கூடுதலாக ஒரு நாள் கருக்குழாயிலேயே வைத்திருக்கிறது என்பதை 2011இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியே வரும்போதே கரு வளரத் தொடங்கியிருக்கும். முந்திப் பொரிவதன் ரகசியம் அது. கிளம்பும்போது பெண் குயில் கொப்பளிப்பது போல ஒரு குரல் எழுப்புகிறது, அது வல்லூறின் குரலைப் போல இருக்கிறது. கூட்டுக்காரர் தன் உயிருக்கு ஆபத்தோ என்று சுற்றும்முற்றும் பார்க்கிற நேரத்தில் முட்டையைச் சரிபார்க்க மறந்துபோகிறார்.

ஏமாறுகிற பறவையை முட்டாள் என்பதும் இதே வகையில் சேரும். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு" என்பார்கள். குயில் குஞ்சும் பொன்குஞ்சாகிவிடுகிறதே என்று காகத்தைக் கேலி செய்வது எளிது. ஆனால் பல பறவைகள் முட்டையிலேயே கண்டுபிடித்துவிடுகின்றன. நாணலில் கூடு கட்டும் கதிர்க்குருவி, நிறம் பொருந்தாத முட்டையைத் தூக்கி எறிந்துவிடும். அதற்குப் பதிலடியாகத்தான் குயில் முட்டையின் நிறமும் புள்ளியும் தலைமுறை தலைமுறையாக நெருங்கி வந்திருக்கின்றன.

முட்டையில் இவ்வளவு கறாரான பறவை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய குஞ்சை ஏன் விரட்டுவதில்லை? 12 கிராம் கதிர்க்குருவி, குயில் குஞ்சின் முதுகில் ஏறி நின்று ஊட்டும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும் கேள்வி இது. 1993இல் இதற்கு ஓர் அழகான விளக்கம் வந்தது. 'என் குஞ்சு இப்படி இருக்கும்' என்பதைப் பறவை தன் முதல் ஈட்டில் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டை விஷயத்தில் தப்பில்லை, ஏனென்றால் குயில் முட்டையோடு தன் முட்டைகளும் கூட்டில் கிடக்கும். குஞ்சு விஷயத்தில், தள்ளும் குயில் வந்த கூட்டில் எஞ்சியிருப்பது ஒரே குஞ்சு, அதுவும் அந்நியன். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பறவை, அடுத்த பருவத்தில் சொந்தக் குஞ்சுகளையே விரட்டிவிடும். கற்றுக்கொள்வதைவிடக் கற்காமல் ஏமாறுவது அதற்கு மலிவு.

விதிவிலக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபேரிரென் என்ற சிறு குருவி குயில் குஞ்சை அடையாளம் கண்டு கூட்டோடு கைவிட்டுப் போவதுண்டு. அதன் தாய் அடைகாக்கும்போதே முட்டைகளைப் பார்த்து ஒரு தனி ஒலி எழுப்புகிறது. பொரிந்த குஞ்சுகள் இரை கேட்கும் குரலில் அந்த ஒலி இருக்கும். கடவுச்சொல் மாதிரி. 2012இல் இது வெளியானபோது பறவை ஆர்வலர்கள் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தார்கள், நானும்தான். இன்னொரு பக்கம் குயில் குஞ்சுகளின் சாமர்த்தியமும் குறைவில்லை. 'குக்கூ' குயில் குஞ்சு ஒன்றே ஒன்றாக இருந்தாலும், ஒரு கூடு நிறையக் குஞ்சுகள் கத்துவது போல வேகவேகமாகக் கத்தும். ஜப்பானில் ஒரு குயில் இனத்தின் குஞ்சு, இறக்கையைத் தூக்கி அடியிலுள்ள மஞ்சள் தோலைக் காட்டும். அது வாயின் உட்புற நிறத்தில் இருப்பதால், இன்னொரு வாய் திறந்திருக்கிறது என்று வளர்ப்புத் தாய் அந்தத் தோலிலேயே இரையை வைக்கப் பார்க்கும்.

இனிச் சொல்லப்போவது நம் தலையீடு பற்றி. மேலே சொன்னவை எண்ணத்தில் நேரும் பிழைகள், அவற்றால் எந்தப் பறவைக்கும் நேரடியாகக் கெடுதல் இல்லை. இங்கே அப்படி இல்லை.

கூட்டில் குயில் முட்டை இருக்கிறது என்று எடுத்து எறிகிறவர்கள் உண்டு, நல்லது செய்வதாக நினைத்து. முதல் சிக்கல், எது யாருடைய முட்டை என்பதே. தவிட்டுக்குருவியின் முட்டை நீலம், அந்தக் கூட்டில் இடும் சுடலைக்குயிலின் முட்டையும் நீலம், அக்காக்குயிலின் முட்டையும் நீலம். வீட்டுக்காரருடையதை எறிந்துவிட்டு விருந்தாளியைக் காப்பாற்றிவிட்டு வருவீர்கள். கூட்டருகே நாம் நிற்கும் நேரமெல்லாம் தாய் விலகியிருக்கிறது, முட்டை சூடாகிறது அல்லது குளிர்ந்துபோகிறது. நாம் விலக்கிய இலைகளுக்கிடையே முட்டை திருடும் பறவைகளுக்குக் கூடு தெரிந்துவிடுகிறது. தவிர, பல நாடுகளில் காட்டுப்பறவையின் முட்டையை எடுப்பதே சட்டப்படி குற்றம்.

பழிவாங்கல் என்ற ஒன்றும் இருக்கிறது. குயில் குடும்பம் அல்லாத, ஆனால் அதே தொழில் செய்யும் கௌபேர்டு என்ற அமெரிக்கப் பறவையை வைத்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. அதன் முட்டைகளை ஆய்வாளர்கள் எடுத்துவிட்ட கூடுகளில் 56 சதவீதம் பிறகு நாசமாயின. முட்டையை விட்டுவைத்த கூடுகளில் அழிந்தவை 6 சதவீதம்தான். கௌபேர்டே திரும்ப வந்து சூறையாடுகிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. எல்லாக் குயிலும் இப்படிச் செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாம் எடுத்தெறிந்த முட்டைக்கு விலை கொடுப்பது நாமல்ல.

கூட்டை விட்டு வெளியே வந்த இளங்குயிலை 'மீட்பது' இதைவிடச் சகஜம். ஒருமுறை நானே செய்தேன். தாழ்ந்த கிளையில் ஒரு கருப்பு இளங்குயில், வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காகம் அதன் தலைக்கு நேராக அலகைக் கொண்டுபோனது. கொத்தப்போகிறது என்று குச்சியை வீசிக் காகத்தை விரட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்துக் காகம் மறுபடி வந்தது. தொண்டை புடைத்திருந்தது. என்னை ஒருமுறை முறைத்துவிட்டு அலகை அந்தச் சிவந்த வாய்க்குள் முழுசாக நுழைத்தது. நான் விரட்டியது அதற்கு இரை கொண்டுவந்த தாயை.

காகம் குயிலைத் துரத்துவதும் உண்மைதான். ஆனால் வளர்ந்த குயில் துரத்தினால் நிற்காது, விர்ரென்று மரத்துக்குள் பாய்ந்துவிடும். இளங்குயில் உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையைப் படபடவென்று நடுக்கும், வாயைத் திறந்து காகத்தை நோக்கித் திரும்பும். அந்த நடுக்கத்தைப் பயம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது பசி.

தரையில் கிடந்தாலும் காயம் இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நாயோ பூனையோ வருமென்றால் அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நில்லுங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. பாலும் ரொட்டியும் பறவைக்கு ஆகாதவை. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய் அதுவே உயிரை எடுத்துவிடும். இரத்தமோ தொங்கும் இறக்கையோ தெரிந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, காட்டுயிர் மீட்பாளரிடமோ கால்நடை மருத்துவரிடமோ சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் வைத்து வளர்த்தால்தான் குயில் பாட்டு வரும், காகத்திடம் வளர்ந்தால் கரையத்தான் செய்யும் என்று என்னிடம் ஒருவர் வாதாடியதும் உண்டு. குயிலின் கூவல் கற்று வருவதல்ல, கூடவே பிறப்பது. 'குக்கூ' குயிலின் குஞ்சு பெற்றோரைப் பார்த்ததே இல்லை. அவை வாரக்கணக்கில் முன்னதாகவே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியிருக்கும். அதுவும் தனியாகவே அங்கே போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து, யாரும் சொல்லிக்கொடுக்காத குரலில் கூவுகிறது.