ஹாலீஸ் குழுவின் பிற்கால இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது
பிரிட்டிஷ் பாப் இசைக்குழுவான ஹாலீஸின் அறுபதுகளின் பாடல்கள் எளிதில் கிடைக்கும். அதன் முதன்மைப் பாடகர் ஆலன் கிளார்க் 1971இல் விலகியபின் சுவீடன் பாடகர் மிக்கேல் ரிக்ஃபர்ஸ் பாடிய தட்டுகளே தேடத் தக்கவை. அவற்றுள், பிரிட்டனில் வெளிவராமல் 1973இல் ஜெர்மனியில் வெளியான 'அவுட் ஆன் தி ரோடு' தொகுப்பைக் குன்னூரின் பழைய தோட்ட பங்களாச் சாமான்களுக்கிடையே எதிர்பார்ப்பது வீண் ஆசை. ஜெர்மன் விற்பனையாளர்களிடம் கேட்பதே நேர்வழி. வாங்குமுன், உறையை மட்டும் நம்பாமல், லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்ணின் படத்தையும் கேட்டுப் பெறுக.

நீலகிரியில் விலையைவிடப் பூஞ்சையே பெரும் பகை. மழைக்காலத்தில் அட்டை உறை ஈரத்தை உறிஞ்சுவதால், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். பூஞ்சை படிந்தால், லேபிள் நனையாமல், வாலை வடிநீரில் தோய்த்த மென்துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்துக. கணப்பின் அருகே வைத்தால் தட்டு வளைந்துவிடும்.