சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் இரவு உணவு: முதன்முறை செல்வோருக்கு

சிங்கப்பூரில் மாலைப் பொழுதை வெளியில் கழிக்க விரும்புவோர், குளிரூட்டப்பட்ட உணவகங்களைத் தேடுவதற்கு முன் சிறு உணவுக் கடைகள் பல ஒன்றாக இருக்கும் ஓர் உணவங்காடி நிலையத்துக்குச் செல்வது நல்லது. தெருவோரம் விற்றுவந்தவர்களை, குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கூரையின் கீழ் அரசாங்கம் குடியேற்றியதால் உருவான இவ்விடங்களின் பண்பாட்டை, யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உணவகங்கள் பலவற்றில் விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் சேரும். இங்கோ பலகையில் எழுதியுள்ள விலையைக் கொடுத்தால் போதும்.

முதலில் இடத்தைப் பிடியுங்கள். கூட்ட நேரத்தில் உணவை வாங்கிய பிறகு இடம் தேடினால், கொதிக்கும் மீ (நூடுல்ஸ்) சூப்பைக் கையில் ஏந்தியபடி அலைய நேரிடும். மேசைமேல் பிரிக்காத டிஷ்யூ பொட்டலமோ குடையோ கிடந்தால், அதை யாரும் மறந்துவிட்டுப் போகவில்லை. அந்த இடம் 'சோப்' செய்யப்பட்டுவிட்டது, அதாவது வேறொருவர் முன்பே பிடித்துவிட்டார் என்று பொருள். பேருந்து சன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பழகிய நமக்கு இதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

தேநீர்க் கடையில் 'தே' என்று மட்டும் சொன்னால் இனிப்பான டின்பால் ஊற்றித் தருவார்கள். பால் வேண்டாமெனில் 'தே ஓ', சர்க்கரையும் வேண்டாமெனில் 'தே ஓ கோசோங்', ஐஸ் போட வேண்டுமெனில் முடிவில் 'பெங்' என்று கேட்க வேண்டும். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்கா நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம். அங்கே இஞ்சி சேர்த்த 'தே ஹாலியா'வை நுரை பொங்க ஆற்றித் தரும்போது அதைத் தவறவிடாதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் இறைச்சித் துண்டுகளை ஒதுக்கினால் போதுமென்று எண்ணக் கூடாது. கோழிச்சோற்றின் சோறே கோழிக்கொழுப்பிலும் சாற்றிலும் வேகிறது, சம்பால் எனும் மிளகாய் விழுதில் பெரும்பாலும் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும், பரோட்டாவுக்கு மீன் குழம்பு வரக்கூடும் என்பதால், பருப்புக் குழம்புதானா என்று கேட்டுவிட்டே தட்டை வாங்க வேண்டும்.

குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தே உண்பதற்கு, வார்ப்பிரும்புத் தூண்களுடைய பழைய சந்தைக் கட்டடமான லாவ் பா சாட் ஏற்றது. இரவில் அருகிலுள்ள பூன் டாட் தெருவை அடைத்து மேசைகள் போடுவார்கள்; கரிநெருப்பில் வாட்டிய குச்சிகளை வேர்க்கடலைக் குழம்பில் தோய்த்து, வெள்ளரி, வெங்காயத்தோடு உண்ண வேண்டும். பீர் அருந்துவோர் ஒன்றை நினைவில் கொள்ளவும்: இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை உண்டு. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது.

உண்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துச் சென்று வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். முதல் தவறுக்கு எச்சரிக்கை, அடுத்த தவறுக்கு அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். பலகையைப் படித்துப் பார்த்தே வையுங்கள்.