சூட்டில் நொதியைக் காக்கும் சேர்க்கைப் பொருளைத் தேர்ந்து சோதிக்கும் முறை

நொதிக் கரைசலைச் சூடாக்கும்போது அதன் செயல்திறன் குறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. புரதத்தின் மடிப்பு குலையலாம். குலைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளலாம். சிஸ்டீன், அஸ்பராஜின் போன்ற அமினோ அமிலங்கள் வேதிமாற்றம் அடையலாம். ஆகவே முதலில் சேர்க்கை எதுவுமின்றிச் சூடாக்கிப் பாருங்கள். கரைசல் கலங்கினால் திரளுதல் நிகழ்கிறது. தெளிவாகவே இருந்து, குளிர்ந்த சிறிது நேரத்தில் செயல்திறன் மீண்டால், மடிப்பு மட்டுமே தற்காலிகமாகக் குலைந்திருக்கிறது.

அதற்கும் முன்பாகத் தாங்கல் கரைசலை, அதாவது பிஎச் மதிப்பை (அமில, காரத் தன்மையின் அளவை) பெரிதும் மாறாமல் வைக்கும் கரைசலைக் கவனிக்க வேண்டும். டிரிஸ் தாங்கலின் பிஎச் மதிப்பு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் ஏறத்தாழ 0.028 குறைகிறது, 25 டிகிரியில் 8.0 ஆக இருந்த கரைசல் 65 டிகிரியில் 6.9 அளவுக்கு இறங்கிவிடும். இதனை அறியாமல் செய்யும் சோதனையில், வெப்பத்தின் விளைவு எது, அமிலத்தன்மையின் விளைவு எது என்று பிரித்துச் சொல்லவே இயலாது.

சர்க்கரைகளும் கிளிசரால், சார்பிட்டால் போன்ற பாலியால்களும் (பல ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட ஆல்கஹால்களும்) புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் காப்பதாகக் கருதுவது பிழை. உண்மையில் அவை புரதப் பரப்பிலிருந்து விலக்கப்படுகின்றன. மடிப்பு குலைந்தால் நீருக்கு வெளிப்படும் பரப்பு பெருகும், அப்பரப்பு பெருகப் பெருக விலக்கலுக்கான ஆற்றல் செலவும் கூடும் என்பதால், மடிந்த நிலையே சாதகமாகிறது. உயிர்வேதியியலாளர் செர்ஜ் டிமாஷெஃப் குழுவினர் விரிவாக ஆராய்ந்த இவ்வியக்கத்துக்கு அதிகச் செறிவு தேவை. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையை 0.5 முதல் 1 மோலார் வரை சேர்த்துப் பார்க்கலாம். சில மில்லிமோலார் அளவில் பயன் எதிர்பார்க்க இயலாது. குளுக்கோஸைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஒடுக்கும் சர்க்கரையான அது சூட்டில் புரதத்திலுள்ள லைசீன் என்ற அமினோ அமிலத்துடன் வினைபுரியும்.

நொதியில் குறிப்பிட்ட இடத்தில் பிணைபவற்றின் கதை வேறு. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின், மாவுச்சத்தைச் சிதைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதிக்குச் சில மில்லிமோலார் கால்சியமே பெரிதும் உதவும். ஆனால் பாஸ்பேட் தாங்கல் கால்சியத்தை வீழ்படிவாக்கிவிடும், உலோக அயனிகளைப் பிணைக்கும் இடிடிஏ (EDTA) அதைப் பறித்துக்கொள்ளும்.

சோதனைக்கு, சேர்க்கையுள்ள மாதிரிகளையும் இல்லாதவற்றையும் நீர் ஆவியாகாதபடி மூடிய குழாய்களில் ஒரே வெப்பநிலையில் வைத்து, 0, 5, 10, 20, 40 நிமிடங்களில் எடுத்துப் பனிக்கட்டியில் குளிர்வித்து, எஞ்சிய செயல்திறனை அளவிடுங்கள். எஞ்சிய விகிதத்தின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும் இடத்தில், அதன் சரிவின் அளவால் 0.693-ஐ வகுக்க அரை ஆயுள் வரும்; கோடு வளைந்தால் ஒரே அரை ஆயுளாகச் சுருக்க வேண்டாம். கிளிசரால் பாகுத்தன்மையைக் கூட்டி வினை வேகத்தையே குறைக்கக்கூடும் என்பதால், எல்லா அளவீடுகளிலும் சேர்க்கையின் இறுதிச் செறிவு ஒன்றாக இருக்கட்டும். சூடாக்காத மாதிரியையும் அதே செறிவில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வாறு தேர்ந்த சேர்க்கையை, நொதி வேலை செய்ய வேண்டிய வெப்பநிலையிலேயே, வினைபடுபொருளுடன் மறுபடியும் சோதியுங்கள். மடிப்பை இறுக்கும் அதே சேர்க்கை சில நொதிகளின் வினையூக்கத்துக்குத் தேவையான நெகிழ்வையும் குறைத்துவிடுகிறது.