டிஜிட்டல் எக்ஸ்ரே: பிலிம் காட்டிக்கொடுத்ததைத் திரை மறைக்கிறது

பிலிம் காலத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் செய்த தவறு டார்க் ரூமிலேயே தெரிந்துவிடும். கதிர் கூடினால் பிலிம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். டிஜிட்டலில் இந்த ஏற்றத்தாழ்வை மென்பொருளே சமாளித்து, பார்க்கும்படியான படத்தைக் கொடுத்துவிடுகிறது. வசதிதான். ஆனால் வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

கதிரின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் போன் செய்து கேட்பார். கூடினால் படம் இன்னும் வழவழப்பாக வரும், யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கதிரின் அளவைத் தீர்மானிக்கும் எம்.ஏ.எஸ்ஸை (mAs) ஒரு படி ஏற்றிவைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. சில மாதங்களில் அதுவே அந்த அறையின் வழக்கமான அளவாகிவிடும்.

எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட, படத்தோடு வரும் எக்ஸ்போஷர் எண்ணைப் பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். ஆனால் எந்தக் கருவியின் எண் என்று தெரிந்து பார்க்க வேண்டும். பழைய ஃபியூஜி கருவிகளில் எஸ் எண் ஏறினால் கதிர் குறைவு என்று பொருள். கோடாக்கில் நேர்மாறு: எண்ணில் 300 கூடினால் கதிர் இருமடங்கு. இரண்டும் உள்ள ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்டுக்கு வருபவர் குழம்பாமல் என்ன செய்வார்? 2008-ல் வந்த, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) தரம் இதைச் சீராக்கியது. இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் அதன் டீவியேஷன் இண்டெக்ஸ் 0 என்றால் சரியான அளவு, +3 என்றால் இருமடங்கு, -3 என்றால் பாதி. ஒவ்வொரு உறுப்புக்கும் இலக்கு எண்ணைச் சரியாக வைத்திருந்தால்தான் இதை நம்பலாம். குழந்தைகளின் படத்தை இந்த எண்ணைப் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

அப்புறம், கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கோலிமேட்டர். அகலமாகத் திறந்துவைத்து எடுத்துவிட்டு, ஓரத்தைத் திரையில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வெட்டினால் படம்தான் சிறிதாகும்; கதிர் பட்ட உடம்பு பட்டதுதான். கதிர்ச் சிதறல் கூடுவதால் படத்தின் தெளிவும் கெடும். வெட்டிய ஓரத்தில் ரேடியாலஜிஸ்ட் பார்க்க வேண்டியது ஏதாவது இருந்திருந்தால் அதுவும் போயிற்று.

வலது, இடது காட்டும் ஈய மார்க்கரை எடுக்கும்போதே வையுங்கள். படத்தைத் திரையில் திருப்பிய பிறகு எழுத்தைச் சேர்த்தால் பக்கம் மாறிவிடலாம்.

திரையில் வரும் நோயாளிப் பட்டியலான ஒர்க்லிஸ்டில் முருகேசன் என்று இரண்டு பேர் இருந்தால் வயதையும் ஆஸ்பத்திரி எண்ணையும் கேட்டே பெயரைத் தொடுங்கள். பிலிம் உறை மாறினால் எடுத்து மாற்றி வைக்கலாம். இங்கே தவறான பெயரில் போன படம் நிமிஷத்தில் வார்டு, ஓ.பி., ஆபரேஷன் தியேட்டர் என்று எல்லாத் திரைக்கும் போய்விடும்.

கடைசியாக, அழிக்கும் பட்டன். அந்தக் காலத்தில் கெட்டுப்போன பிலிம்கள் ஒரு பெட்டியில் சேரும். மாதக் கடைசியில் எண்ணினாலே எத்தனை ரிப்பீட் (மறுபடி எடுத்தவை) என்று தெரியும். இப்போது ஒரு தட்டுத் தட்டினால் படமும் போச்சு, கணக்கும் போச்சு. அழிக்காமல், காரணத்தைக் குறித்து ரிஜெக்டில், அதாவது ஒதுக்கிய படங்களின் பட்டியலில், சேர்ப்பதே முறை. ஆனால் தலைமை டெக்னீஷியன் அந்தக் கணக்கைத் திட்டுவதற்கு எடுத்தால், அடுத்த மாதம் ரிஜெக்ட் பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.