இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்? பலரும் செய்யும் தவறுகள்

என் முதல் தொட்டியில் ஓர் ஆண் ஃபைட்டர் மீனும் நான்கு டைகர் பார்ப் மீன்களும் இருந்தன. இரண்டும் அழகு, இரண்டும் மலிவு. சிங்கப்பூரின் சிராங்கூன் நார்த்தில் ஒரு சனிக்கிழமை மாலை வாங்கி வந்து, அன்றிரவே தண்ணீரில் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை பார்த்தால் ஃபைட்டரின் வால் பழைய சேலைக் கரைபோல் நைந்து தொங்கியது. “மீனுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது” என்றார் அம்மா. சரிதான். ஆனால் இந்த ஊரில் மீனுக்கும் மீனுக்கும் பொருத்தம் பார்க்குமுன், மீனுக்கும் நம் வீட்டுத் தண்ணீருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வரவேற்பறையில் தொட்டி நீர் பகல் வேளையில் 28, 29 டிகிரியில் நிற்கும். வெயில் கொளுத்தும் மாதங்களில் 30ஐத் தொடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோருக்கு இது நினைவில் இருப்பதில்லை. தங்கமீனுக்கு இதமானது 18 முதல் 23 டிகிரி. ‘ஒயிட் கிளவுட்’ என்று விற்கப்படும் சிறுமீன் தென்சீனாவின் மலை ஓடைகளைச் சேர்ந்தது; அதற்கும் குளிர்ச்சிதான் வேண்டும். அவற்றை கப்பியோடும் ஃபைட்டரோடும் சேர்த்தால் சண்டை எதுவும் நடக்காது. குளிர்நீர் மீன்கள் சத்தமில்லாமல் நலிந்துபோகும், அவ்வளவுதான். நியான் டெட்ராவும் 26 டிகிரிக்குக் கீழே இருப்பதையே விரும்பும். அதன் உறவான கார்டினல் டெட்ராவோ 28, 29 டிகிரியையும் தாங்கும். இரண்டையும் அடையாளம் காண்பது எளிது: நியானின் சிவப்புக் கோடு பாதி உடலில் நின்றுவிடும், கார்டினலுக்குத் தலையருகிலிருந்து வால்வரை ஓடும். விலை சற்றுக் கூடுதலானாலும் நம் வீடுகளுக்குக் கார்டினல்தான் சரி.

வெப்பத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவையும் கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம்போலத்தான். எனவே குளிர்நாட்டுப் பட்டியல் பன்னிரண்டு மீன் என்றால் நான் எட்டோடு நிறுத்திக்கொள்வேன். தொட்டி விளிம்பில் மாட்டும் சிறு மின்விசிறி, நீர் ஆவியாவதன் மூலம் இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும். ஆனால் ஆவியான அளவுக்கு நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குழாய் நீரை வாளியில் பிடித்து ஓரிரவு வைத்திருந்தால் போதும் என்பது தாத்தா காலத்து வழக்கம். மீனுக்கு ஆகாத குளோரின் மட்டும் என்றால் பறந்துபோயிருக்கும். பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குடிநீரில் சேர்ப்பது, குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின். அது அவ்வளவு எளிதில் வெளியேறாது. கடையில் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று கேட்டு, குளோரமினையும் முறிக்கும் என்று எழுதியிருக்கும் திரவத்தை வாங்குங்கள். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கும் தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அமோனியாவின் நச்சும் கூடும் என்பதால், நம் ஊரில் இந்த அவசரத்துக்கு விலை அதிகம். புதுத் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும்போது, ‘இரண்டும் சேரவில்லை’ என்று ஒரு மீன்மீது பழி போடுவார்கள். பல நேரம் கொன்றது தண்ணீர்தான்.

அடுத்தது அளவு. கடையில் நாம் பார்க்கும் மீன்களில் பல இன்னும் குழந்தைகள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனை மலாய்க்காரர்கள் ‘ஈக்கான் பண்டாராயா’ என்பார்கள். நகராட்சி மீன் என்று பொருள். துப்புரவு வேலை பார்ப்பதால் வந்த பெயர். விரல் நீளத்தில் வாங்கும் இந்த நகராட்சி ஊழியர் ஓரடிக்குமேல் வளர்வார். சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிவு போடுவார். ஆஸ்கரும் அப்படியே ஓரடி வளரும். முக்கோண வடிவில் மிதக்கும் ஏஞ்சல் மீன் பதினைந்து சென்டிமீட்டர் வளர்ந்து, சிறு வயதுத் தோழர்களாக இருந்த டெட்ராக்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். அதைக் கொடுமை என்று சொல்ல முடியாது. வாய்க்குள் போகும் அளவில் இருப்பதெல்லாம் மீனுக்கு உணவு.

தொட்டிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் 65 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக நிற்பது ஐம்பதைச் சுற்றித்தான். ஓரடிக் கனச்சதுரத் தொட்டியில் இருபது, இருபத்திரண்டு. இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்ற பழைய விதியை நான் நம்புவதில்லை. பத்து அங்குல மீன் ஒன்று, ஓரங்குல மீன்கள் பத்துக்குச் சமமன்று. நீளம் பத்து மடங்கானால் எடை ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும்.

ரங்கோலிக்கு நிறம் சேர்ப்பதுபோல் வகைக்கு இரண்டு வாங்குவது இன்னொரு ஆசை. டெட்ரா, ரஸ்போரா, பார்ப் எல்லாம் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறைந்தால் ஒன்று மூலையில் பதுங்கும், அல்லது அடுத்தவரைக் கடிக்கும். டைகர் பார்ப் கடிக்கும் ரகம். எட்டுப் பத்தாக இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு திரியும். நான்கே இருந்தால் நீண்ட துடுப்பு உள்ள யாரையும் விட்டுவைக்காது. என் ஃபைட்டரிடம் கேட்டால் சொல்லியிருக்கும்.

ஃபைட்டரைத் தனியாக வைப்பதே உத்தமம். இரண்டு ஆண்களைச் சேர்க்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அகன்ற வண்ண வாலுள்ள ஆண் கப்பியையும் அது எதிரியாக நினைத்துப் பாயக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த பெருமைக்குரிய மீன் அது. கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும்! நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிப்பதால் மூடிக்கும் நீருக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்.

கப்பி சாதுவானது, அதன் குற்றம் பெருகுவது. ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பெண் மீன்களை மட்டும் வாங்கியும் தப்ப முடியாது. கடைத் தொட்டியில் பெற்ற விந்தைச் சேமித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஈன்றுகொண்டிருக்கும். ஆண்களை மட்டும் வாங்கினால் தொல்லையில்லை.

அப்படியானால் என்னதான் வைப்பது? இரண்டடித் தொட்டிக்கு என் தேர்வு ஹார்லிக்வின் ரஸ்போரா எட்டு, அடித்தளத்தில் உலவ வெப்பம் தாங்கும் ஸ்டெர்பாய் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி ஐந்தாறு. செம்பு நிற உடலில் கருப்பு முக்கோணம் தாங்கிய அந்த ரஸ்போரா மலேசியா, சுமத்ரா, சிங்கப்பூர் பகுதிகளுக்கே சொந்தமான மீன். மண்ணின் மைந்தனை விட்டுவிட்டு வெளியூர் மாப்பிள்ளை தேடுகிறோம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஓரடித் தொட்டி என்றால் ஒரே ஒரு ஃபைட்டர், துணைக்கு ஒரு நத்தை.

ஒத்துவராத மீனைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடுவது சட்டப்படி குற்றம். தென்னமெரிக்காவின் பீகாக் பாஸ் நம் நீர்த்தேக்கங்களில் இன்று குடியும் குடித்தனமுமாக இருக்கிறது. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் அதே கண்டத்து நன்னீர்த் திருக்கை இருக்கிறது. யாரோ கொண்டுவந்து விட்ட மீன்களால் வந்த வினை இது. வாங்கும்போதே, திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டுவைப்பது நல்லது. சிலர் பணம் தராமல் மீனை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். மீன் வளர்க்கும் அண்டைவீட்டாரும் உதவுவார்கள். என் டைகர் பார்ப்கள் நான்கும் பக்கத்து புளோக்கில் இருந்த ஒருவரின் நாலடித் தொட்டிக்குப் போயின. அங்கே ஏற்கெனவே அதே இனத்தில் பத்து இருந்தன.

ஃபைட்டர் தனித் தொட்டிக்கு மாறிய பிறகு அதன் வால் மெல்ல மெல்ல வளர்ந்தது. நைந்த இடத்தில் மட்டும் நிறம் சற்று வெளிறியிருந்தது. அம்மா காலையில் சாமி கும்பிட்ட கையோடு அதற்கு மூன்று உருண்டைத் தீனி போடுவார். இரண்டு போதும் என்று நான் சொன்னதை அவர் கேட்டதே இல்லை.