குழந்தைக்குப் பேதி: டப்பாவில் சாம்பிள், வீட்டில் காவல்

மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தக் குழந்தைக்குப் பேதி என்றாலும் டப்பா கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். கொண்டு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் "என்ன கிருமின்னு எப்ப தெரியும்?" என்பதுதான். கிருமியை வளர்த்துப் பெயர் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். கைக்குழந்தையின் உடம்பில் நீர் வற்ற அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. அதனால் தண்ணீர் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓஆர்எஸ் பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவையும் அளந்து ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதியைக் குத்துமதிப்பாகக் கொட்டிக் கரைக்கும் பழக்கம் வேண்டாம். உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் பேதி கூடும். 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, அப்புறம் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கரைத்ததில் மீதியை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். துத்தநாக மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 6 மாதத்துக்குள் தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 10 முதல் 14 நாள். பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்கவே கூடாது.

சரி, பாக்டீரியாவா வைரஸா? சின்னக் குழந்தைகளின் பேதியில் பெரும்பங்கு வைரஸ்தான். முதலில் வாந்தி, அப்புறம் தண்ணீராகப் போகும், சில நாளில் தானாக அடங்கும். மலத்தில் ரத்தம், சளி, கடும் காய்ச்சல், முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது இவையெல்லாம் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வைப்பவை. ஆனால் காலராவிலும், குடலில் நஞ்சு சுரக்கும் ஒரு வகை ஈ.கோலையிலும் ரத்தமே வராது, வெறும் தண்ணீராகத்தான் போகும். மலத்தின் பச்சை நிறத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு அர்த்தமும் இல்லை.

ரத்தத்தோடு வருகிறவற்றில் நான் அடிக்கடி தேடுவது நாலு பேரை. ஷிகெல்லா: பத்து முதல் நூறு கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும், நோய் வரும். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரும். கேம்பைலோபாக்டர்: பச்சைக் கோழி இறைச்சி, காய்ச்சாத பால், பேதியாகும் நாய்க்குட்டி. சால்மொனெல்லா: சரியாக வேகாத முட்டை, இறைச்சி, அப்புறம் வீட்டில் வளர்க்கும் ஆமை. நாலாவது ஷிகா என்ற நஞ்சைச் சுரக்கும் ஈ.கோலை, முன்பு சொன்னதிலிருந்து வேறு வகை. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். பேதி தொடங்கி ஒரு வாரம் போல ஆகி, குறைந்துவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில் சிறுநீரகம் பழுதாகலாம். குழந்தை வெளிறிப்போய், சிறுநீர் குறைந்தால் அன்றே ஓட வேண்டும். இந்தக் கிருமியில் ஆன்டிபயாடிக் கெடுதலாக முடியலாம் என்பதால், போன தடவை மிஞ்சிய மருந்தை அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றாதீர்கள்.

எல்லாப் பேதிக்கும் பரிசோதனை தேவையில்லை. ரத்தம், கடும் காய்ச்சல், நாள்கணக்கில் நீடிப்பது, 3 மாதத்துக்குட்பட்ட சிசு, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை, ஒரே வீட்டில் பலருக்கு வருவது என்று இருந்தால் மருத்துவர் கேட்பார். அப்போது சாம்பிள் எடுப்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது.

டயபரை அப்படியே சுருட்டிக் கொண்டு வந்தால் எனக்கு மிஞ்சுவது ஜெல்தான். நீர்த்த மலம் முழுவதையும் அது குடித்துவிடும். டயபருக்குள் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் குழந்தை மலம் கழிக்க உட்காரும் சட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதில் பிடியுங்கள். டெட்டால் போன்றவற்றால் கழுவிய சட்டி என்றால் மருந்து வாசனை போகும்வரை அலச வேண்டும், அந்த மிச்சமே கிருமியைக் கொன்றுவிடும். சிறுநீரோ கழிவறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது. ரத்தமும் சளியும் இருக்கிற இடத்திலிருந்து எடுங்கள், கிருமி அங்கேதான் திரண்டிருக்கும். ஒரு தேக்கரண்டி போதும். டப்பாவை நிரப்பி மூடினால் வாயு சேர்ந்து திறக்கும்போது தெறிக்கும், அதைத் துடைப்பவள் நான்.

ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்னால் எடுப்பது நல்லது. ஆனால் நிலை மோசம் என்று மருத்துவர் உடனே தொடங்கச் சொன்னால், சாம்பிளுக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். ஷிகெல்லா வெளியே வந்ததும் சீக்கிரம் செத்துப்போகும். முடியாதென்றால் கிருமியை உயிரோடு வைத்திருக்கும் ஊடகம் உள்ள குழாயை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசோதனைச் சீட்டில் எழுத வேண்டியதை எழுதச் சொல்லுங்கள்: ரத்தம் இருந்ததா, கோழி இறைச்சி கழுவிய வீடா, பயணம் போனீர்களா, ஆமை உண்டா. இது வம்பு விசாரணை இல்லை. சால்மொனெல்லா என்றால் கிருமியை வளர்க்கும் தட்டில், சிவப்பு ஊடகத்தில் மறுநாளே நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தது போல வந்து நிற்கும். கேம்பைலோபாக்டர் அந்தத் தட்டில் வரவே வராது. அதற்கு ஆக்சிஜன் குறைந்த ஜாடி, 42 டிகிரி, இரண்டு நாள் பொறுமை வேண்டும். காலராவுக்கும் வேறு தட்டு. எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் நான் சரியான தட்டை எடுப்பேன்.

இப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் ஒரே நாளில் பல பெயர்கள் வருகின்றன. வந்த பெயர் எல்லாம் குற்றவாளி ஆகாது. சில ஈ.கோலை வகைகள் பேதியே இல்லாத குழந்தைகளிடமும் இருக்கும். கைக்குழந்தைகளின் குடலில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சொல்வதற்கு இன்னும் தட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் வேண்டும்.

அடுத்தது வீடு. ஒரே வீட்டு முகவரியில் திங்கட்கிழமை குழந்தையின் டப்பா, வியாழக்கிழமை அக்காவுடையது, அப்புறம் பாட்டியுடையது என்று வரும்போது அது ஷிகெல்லாவாக இருக்குமோ என்று முதலில் சந்தேகிப்பேன். டயபர் மாற்றிய கை, குழாய்த் திருகு, துண்டு, சோறு பிசைந்த கை, இதுதான் அதன் பாதை. ஆகவே டயபர் மாற்றுகிறவரும் சமைக்கிறவரும் அந்தச் சில நாள் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். ஒரே ஆள்தான் என்றால், டயபர் மாற்றியதும் ஒரு தடவை, சமையலறையில் நுழைந்ததும் இன்னொரு தடவை, சோப்புப் போட்டு 20 வினாடி, நகக்கண் வரைக்கும். குழந்தையின் கையையும் கழுவுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துண்டு ஆளுக்கு ஒன்று.

கழிவறைப் பிடி, ஃபிளஷ் பொத்தான், டயபர் மாற்றும் விரிப்பு இவற்றைச் சோப்பால் துடைத்த பிறகு ப்ளீச் போடுங்கள். 5 சதவீத ப்ளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி., 10 நிமிடம் ஊற விட்டுத் துடைக்கலாம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவதையும் விடுங்கள், தெறிக்கிற தண்ணீரில் கேம்பைலோபாக்டர் பக்கத்துப் பாத்திரத்துக்குப் போகும். அதைக் கொல்வது வேகவைப்பதுதான்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை. குழந்தை குடிக்க மறுக்கிறது, எழுப்பினால் எழவில்லை, கண் குழிந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் மடிப்பு மறைகிறது, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வலிப்பு, பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம். விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, ஜெல்லி மாதிரி ரத்தம் வந்தால் அது கிருமியாகவே இல்லாமல் குடல் செருகலாக (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது) இருக்கலாம். அதற்கு டப்பா வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

பேதி நின்று 48 மணி நேரம் ஆன பிறகு குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பலாம். ஷிகெல்லா அல்லது ஷிகா நஞ்சு ஈ.கோலை என்று அறிக்கை வந்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும், மறுபரிசோதனை தேவைப்படலாம். வீட்டில் சமையல் தொழில் செய்பவரோ நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவரோ இருந்து அவருக்கும் வந்திருந்தால் இதே விதிதான். சால்மொனெல்லாவில் குழந்தை தேறி, விளையாடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும். அதற்காக மறுபடி மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை, ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். கை கழுவுவதை மட்டும் விடாதீர்கள்.